விழுங்குவதில் தடை: உணவுக்குழாய்ச் சுருக்கத்தின் அறிகுறிகளும் காரணங்களும்

எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு வரும் ஒருவரிடம் "சாப்பிட முடிகிறதா?" என்று வினவினால், பெரும்பாலும் "முடிகிறது" என்னும் விடையே கிடைக்கும். அவரிடமே "கடைசியாகப் புரோட்டா சாப்பிட்டது எப்போது?" என்று கேட்டால் சற்று யோசிப்பார். "அது ஆயிற்று ஆறு மாதம்" என்பார். அதன் பிறகே ஒவ்வொன்றாக வெளிவரும். முதலில் புரோட்டா நின்றது. பிறகு கறித்துண்டை இலையோரம் ஒதுக்கத் தொடங்கினார். இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்தே உண்டார். இப்போது வீட்டில் அவருக்கென்று தனியே சோற்றைக் குழைய வேகவைக்கிறார்கள். இதையெல்லாம் எங்களிடம் சொல்பவர் நோயாளி அல்லர். உடன் வந்த மனைவியோ மகளோ மருமகளோதான்.

உணவுக்குழாய்ச் சுருக்கம் என்னும் நோயின் இயல்பே இது. அது திடீரென்று வந்து கதவைத் தட்டுவதில்லை. மனிதர் தம் உணவை மாற்றிக்கொண்டு அதற்கு இடம் கொடுத்துக்கொண்டே போகிறார். இனி மாற்றுவதற்கு எதுவுமில்லை என்ற நிலையில், கஞ்சியும் இறங்காதபோது, மருத்துவமனைக்கு வருகிறார். ஆகவே இக்கட்டுரையை நோயாளிகளுக்காக எழுதுவதைவிட, அவர்களுக்குச் சமைத்துப் பரிமாறுகிறவர்களுக்காகவே எழுதுகிறோம் என்று கொள்ளலாம்.

உணவுக்குழாய் என்பது தொண்டையின் அடியிலிருந்து இரைப்பை வரை செல்லும், ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள தசைக்குழாய். அது தண்ணீர்க் குழாயைப் போல எப்போதும் திறந்திருப்பதன்று. வெறுமையாக இருக்கும்போது தட்டையாக மடிந்திருக்கும். கவளம் வரும்போது விரிந்து இடம்கொடுக்கும். மேலிருந்து கீழாக அலைபோல் எழும் தசை அசைவே கவளத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. இயல்பான குழாய் இரண்டு செ.மீ. அளவுக்குத் தாராளமாக விரியும். அதன் சுவரில் புண் உண்டாகி, ஆறி, தழும்பு ஏற்பட்டால் அவ்விடம் விரிவதில்லை. உட்புற விட்டம் சுமார் 13 மி.மீ. அளவுக்குக் குறைந்ததும் கெட்டியான உணவு தடைபடத் தொடங்குகிறது. அது மேலும் குறையக் குறைய மென்மையான உணவும், கூழும், இறுதியில் நீரும் தடைபடும்.

எப்படித் தெரியும்?

உணவு நெஞ்சில் நிற்பது போன்ற உணர்வே முதன்மையான அறிகுறி. கெட்டியான உணவில் தொடங்கி நீர்ம உணவை நோக்கி நகர்வது தழும்பினால் வரும் சுருக்கத்தின் வழக்கம். தொடக்க நாளிலிருந்தே சோறும் தண்ணீரும் ஒருசேரத் தடைபட்டால் காரணம் வேறாக இருக்கக்கூடும். அதனைப் பின்னர்க் கூறுவோம். உணவு நிற்கும் இடமென்று நோயாளி விரலால் சுட்டும் இடம் எப்போதும் சரியாக இருப்பதில்லை. குழாயின் அடிப்பகுதியில் உள்ள தடையைக்கூடக் கழுத்தருகே உணர்பவர்கள் பலர். எனவே "தொண்டையில்தான் ஏதோ" என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் மட்டும் காட்டிவிட்டு நிறைவடைந்துவிடக் கூடாது.

வேறு சில அடையாளங்கள் வீட்டிலுள்ளோர் கண்ணுக்கே முதலில் படும். பந்தியில் எல்லோரும் எழுந்த பின்னும் ஒருவர் மட்டும் உண்டுகொண்டிருப்பார். ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மிடறு தண்ணீர் குடிப்பார். பிறர் வீட்டு விருந்துகளுக்குப் போவதைத் தவிர்ப்பார். உண்ட உணவு செரிக்காமல் அப்படியே வாய்க்கு மேலேறி வரும். இரவில் படுத்ததும் இருமல் வரும். காலையில் தலையணை ஈரமாக இருக்கும். வேட்டியும் இரவிக்கையும் தளரும் அளவுக்கு எடை குறையும். இவற்றுள் எதனையும் வயதின் இயல்பு என்று ஒதுக்குதல் பிழை. முதுமையில் பசி குறையலாம். விழுங்கிய சோறு நெஞ்சில் நிற்பது முதுமையின் இலக்கணம் அன்று.

கிடா விருந்துகளை அடுத்து ஒன்றைக் காண்கிறோம். நல்ல உடல்நலத்துடன் இருந்தவர், பெரிய கறித்துண்டு ஒன்று நெஞ்சில் சிக்கி, எச்சிலையும் விழுங்க இயலாமல், வாயிலிருந்து நீர் வடிய வந்து சேர்வார். வாழைப்பழத்தை விழுங்கச் சொல்வதும், சோற்றுருண்டையைத் திணிப்பதும், முதுகில் ஓங்கி அடிப்பதும் இங்கே உதவா. எச்சிலும் இறங்காத நிலை அவசரநிலை. எண்டோஸ்கோபிக் கருவி கொண்டு துண்டை எடுத்துவிட வேண்டும். எடுத்ததோடு கதை முடிந்ததாக எண்ணவும் வேண்டா. இத்தகையோருள் பெரும்பாலோர்க்கு அடியில் ஒரு சுருக்கமோ வளையமோ முன்னரே இருந்திருக்கும். மறுமுறை வந்து அதனைக் கண்டறிந்துகொள்ள வேண்டும்.

அமிலத்தால் வரும் சுருக்கம்

காரணங்கள் பலவற்றுள் இதனை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டு மருத்துவமனைகளில் மிகக் கடினமான சுருக்கங்கள் கழிவறை தூய்மைக்கான ஆசிட்டை விழுங்கியவர்களிடம்தான் காணப்படுகின்றன. மேலும், இது முழுவதும் தவிர்க்கக்கூடியது.

மேலைநாடுகளில் இத்தகைய காயங்கள் பெரும்பாலும் காரத்தால் நேர்ந்தவை. நம் நாட்டில் அமிலமே மிகுதி. காரம் திசுவைக் கரைத்துக்கொண்டு ஆழமாக இறங்கும். அமிலம் மேற்பரப்பைச் சுட்டுப் பொருக்காக்கி, வேகமாக வழிந்து இரைப்பையில் போய்த் தேங்கும். ஆகையால் நம் நோயாளிகளுக்கு உணவுக்குழாயோடு இரைப்பையின் வாசலும் சுருங்கிவிடுவது உண்டு. புதுச்சேரி ஜிப்மர் அறுவைச் சிகிச்சைத் துறையினர் அமிலத்தால் இரைப்பையில் நேரும் காயங்களைப் பற்றிய தங்களது முப்பதாண்டு அனுபவத்தைத் தனி ஆய்வுக் கட்டுரையாகவே வெளியிட்டிருக்கின்றனர். விழுங்க முடிகிறது, ஆனால் காலையில் உண்டது மாலையில் வாந்தியாக வருகிறது என்றால் தடை இரைப்பையின் கீழ்வாசலில் இருக்கலாம்.

குடும்பத்தார் நெஞ்சில் நிறுத்த வேண்டிய செய்தி ஒன்று உண்டு. காயம் பட்ட முதல் வாரத்தில் வாயும் தொண்டையும் வெந்து வலிக்கும். பிறகு வலி தணியும். நோயாளி எழுந்து உட்கார்ந்து இட்லி சாப்பிடுவார். வீட்டுக்கும் போவார். எல்லாம் சரியாகிவிட்டது என்று அனைவரும் நம்பும் அந்த அமைதியான நாள்களில்தான் உள்ளே தழும்பு இறுகிக்கொண்டிருக்கிறது. ஏறக்குறைய மூன்றாம் வாரம் முதல் சுருக்கம் தொடங்கும். பெரும்பாலோர்க்கு இரண்டு மாதங்களுக்குள் வெளிப்பட்டுவிடும். சிலருக்கு அதற்கும் பிந்தி வரும். "நன்றாகத்தானே இருக்கிறார், எதற்கு மறுபடியும் மதுரைக்கு அலைய வேண்டும்?" என்னும் கேள்வி அந்த நாள்களில்தான் எழுகிறது. உசிலம்பட்டியிலிருந்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனை ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவு. ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும் என்பதை நாங்கள் அறிவோம். ஆயினும் அந்த இரண்டு மாதங்களில் தவறவிடும் இரண்டு மூன்று வருகைகள், பின்னர் ஆண்டுக்கணக்கான வருகைகளாகத் திரும்பி வருகின்றன. தொடக்கத்தில் விரித்துவிடக்கூடிய சுருக்கம், நாள் கடந்தால் ஊசிமுனைத் துளையாக மாறிவிடும்.

எவரேனும் ஆசிட்டை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் ஆகியவற்றைப் புகட்டும் வழக்கம் இன்னும் முற்றிலும் ஒழியவில்லை. இறங்கும்போது ஒருமுறை சுட்ட அமிலம், வாந்தியாக ஏறும்போது மறுமுறை சுடும், மூச்சுக்குழாயிலும் புகக்கூடும். அமிலத்தை முறிக்கிறோம் என்று சுண்ணாம்புத் தெளிநீரோ வேறெதுவோ கொடுப்பதும் கூடாது. வாயைத் தண்ணீரால் கொப்பளித்துத் துப்பச் செய்யலாம். ஆடையில் பட்டிருந்தால் களைந்து, தோலை நீரால் கழுவலாம். விழுங்கிய பாட்டிலையும் எடுத்துக்கொண்டு, 108 ஊர்தியில் உடனே புறப்படுங்கள். முதல் ஒரு நாளுக்குள் எண்டோஸ்கோபி மூலம் காயத்தின் ஆழத்தை அறிவது மருத்துவருக்குப் பெரிதும் உதவும். அதன் பின்னர்ச் சில வாரங்கள் குழாயின் சுவர் மிகவும் மெலிந்திருக்குமாதலால், அக்காலத்தில் குழாயை விரிக்கும் முயற்சியைத் தவிர்ப்பார்கள்.

குழந்தைகள் இதனை விழுங்குவது எப்படி என்று பார்த்தால், ஏறக்குறைய எப்போதும் ஒரே வழிதான். தெருவில் வண்டியில் வரும் ஆசிட்டும் பினாயிலும், கழுவி வைத்த குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வாங்கப்படுகின்றன. அதில் பெயர் இல்லை, எச்சரிக்கை இல்லை. தாகத்தோடு விளையாடி வரும் குழந்தைக்கு அது தண்ணீர் பாட்டில்தான். இருட்டில் கை நீட்டும் தாத்தாவுக்கும் அப்படியே.

நூறாண்டுகளுக்கு முன் அமெரிக்காவிலும் இதே நிலைமை இருந்தது. சவர்க்காரம் செய்யவும் பாத்திரம் துலக்கவும் மளிகைக் கடைகளில் விற்ற காரத்தைக் குழந்தைகள் சர்க்கரையென்று எண்ணித் தின்றனர். செவாலியே ஜாக்சன் என்னும் மருத்துவர் அத்தகைய குழந்தைகளின் உணவுக்குழாயை விரிப்பதிலேயே தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டவர். ஒரு வாரமாக ஒரு சொட்டுத் தண்ணீரும் இறங்காத ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் தடையை அவர் நீக்கினார். பின்னர் அவளுக்கு ஒரு குவளைத் தண்ணீர் தரப்பட்டது. அஞ்சி அஞ்சி ஒரு மிடறு குடித்தாள், இறங்கியது, இன்னொரு மிடறு குடித்தாள், பிறகு அவர் கையைப் பற்றி முத்தமிட்டாள் என்று தம் வாழ்க்கை வரலாற்றில் அவர் எழுதியிருக்கிறார். அவர் சிகிச்சையோடு நிற்கவில்லை. காரப் பொருள்களின் மேல் நஞ்சு என்று எழுதியே விற்க வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். அமெரிக்கச் சட்டமன்றம் 1927-இல் அதனைச் சட்டமாக்கியது. நம் நாட்டிலும், ஆசிட் வீச்சுக்கு ஆளான இலட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில், வாங்குபவரின் அடையாளத்தைப் பதிவு செய்யாமலும் 18 வயது நிரம்பாதவர்க்கும் ஆசிட்டைக் கடைகளில் விற்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 ஜூலையில் ஆணையிட்டது. சட்டம் கடைவாசலில் நின்றுவிடும். நம் குளியலறை அலமாரிக்குள் வராது. ஆசிட்டை அதன் சொந்தப் பாட்டிலைத் தவிர வேறெதிலும் ஊற்றி வைக்காதீர்கள். இயன்றால் வாங்காமலே இருங்கள். தரையைச் சோப்புத்தூளும் நார்க்கட்டையும் தூய்மை செய்யும்.

பெரியவர்கள் விழுங்குவது எப்போதும் தவறுதலாக அன்று. மனவேதனையின் ஒரு கணத்தில் நேர்ந்ததை "தெரியாமல் குடித்துவிட்டார்" என்று குடும்பத்தார் மறைப்பதை நாங்கள் அறிவோம். வழக்கு வந்துவிடும் என்ற அச்சமும் ஊரார் பேச்சும் அதற்குக் காரணம். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கலாகாது என்று கூறுகிறது. உண்மையைச் சொன்னால் குழாயோடு மனத்திற்கும் மருத்துவம் கிடைக்கும். அரசின் 104, 14416 ஆகிய எண்களில் மனநல ஆலோசனை இலவசம். நெடுநாள் சிகிச்சையில் இருப்பவரை "நீயாகத் தேடிக்கொண்டதுதானே" என்று ஒருமுறை சொன்னாலும் அவர் அடுத்த வருகைக்கு வராமல் போகலாம். அப்படி நின்றுபோனவர்களை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பிற காரணங்கள்

உலக அளவில் பார்த்தால், இரைப்பை அமிலம் மேலே எதுக்களித்து உணவுக்குழாயின் அடிப்பகுதியைப் புண்ணாக்குவதே சுருக்கத்திற்கு மிகப் பொதுவான காரணம். பல ஆண்டுகள் நெஞ்செரிச்சலுக்குச் சோடாவும் மெடிக்கல் கடை மாத்திரையுமாகக் கழித்தவர்களுக்கு இது வரும். இதில் ஏமாற்றும் செய்தி ஒன்று இருக்கிறது. சுருக்கம் வளரும்போது சிலருக்கு நெஞ்செரிச்சல் குறையும். குறுகிய வழியில் அமிலமும் எளிதில் மேலேற முடிவதில்லை. எரிச்சல் நின்றது என்று மகிழ்ந்த சில மாதங்களில் சோறு நிற்கத் தொடங்கினால் அது நலமடைந்ததன் அடையாளம் அன்று.

இரும்புச்சத்துக் குறைவு நீடித்த பெண்கள் சிலருக்கு உணவுக்குழாயின் மேற்பகுதியில் மெல்லிய சவ்வொன்று குறுக்கே வளர்வதுண்டு. முகம் வெளுத்து, கடைவாய் வெடித்து, நாக்கு வழவழப்பாகி, நகம் கரண்டிபோல் குழிந்திருக்கும் பெண் ஒருவர் "மாத்திரை கூட இறங்கவில்லை" என்று சொன்னால் அதனை நாணத்தாலோ சோம்பலாலோ சொல்வதாகக் கொள்ள வேண்டா. இரும்புச்சத்து மருந்தும், எளிய விரிப்புச் சிகிச்சையும் பெரும்பாலும் போதும். ஆயினும் பிற்காலத்தில் அவ்விடத்தில் புற்றுநோய் வரும் வாய்ப்புச் சற்று மிகுதியாதலால் தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரைகளும் புண் செய்யும். டாக்சிசைக்ளின் போன்ற நுண்ணுயிர்க்கொல்லி, இரும்புச்சத்து மாத்திரை, பொட்டாசியம் மாத்திரை, எலும்பு வலுவுக்கு வாரம் ஒருமுறை தரப்படும் மாத்திரை ஆகியவை குழாயில் ஒட்டிக்கொண்டால் அவ்விடத்தை அரிக்கும். ஒரு வாய்த் தண்ணீரோடு விழுங்கிவிட்டு உடனே படுப்பதே இதற்குக் காரணம். ஒரு குவளை நிறையத் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்திருங்கள். படுக்கையிலிருக்கும் முதியவருக்கு மாத்திரை கொடுப்பவர் இதை மறவாதிருக்க வேண்டும்.

பொத்தான் வடிவப் பேட்டரி விழுங்கிய குழந்தையை ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது; அது உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்திலேயே சுவரைச் சுட்டுவிடும். மார்புப் பகுதியில் கதிரியக்கச் சிகிச்சை, உணவுக்குழாயில் செய்த அறுவை, நெடுநாள் மூக்குக்குழாய், இளைஞர்களில் ஒவ்வாமையால் வரும் அழற்சி ஆகியவையும் சுருக்கத்தை உண்டாக்கும்.

சோறும் தண்ணீரும் தொடக்கத்திலிருந்தே ஒன்றாகத் தடைபடுவதைப் பற்றி முன்னர்க் குறிப்பிட்டோம். அகலேசியா என்னும் அந்நோயில் தழும்பு இல்லை. குழாயின் அடிவாசல் தசை தளர மறுக்கிறது. இங்கிலாந்து மருத்துவர் தாமஸ் வில்லிஸ் 1674-இல் இதனை விவரித்தார். நுனியில் கடற்பஞ்சு கட்டிய திமிங்கில எலும்புக் குச்சியால் ஒருவர் ஒவ்வோர் உணவின்போதும் சோற்றைத் தாமே தள்ளிக்கொண்டு பல ஆண்டுகள் வாழ்ந்ததாக அவர் எழுதினார். இன்று அதற்கு நல்ல சிகிச்சைகள் உள்ளன, குச்சி தேவையில்லை.

இனி, எவரும் பேச விரும்பாத காரணம். ஐம்பது வயது கடந்தவருக்கு, குறிப்பாகப் புகை, மது, புகையிலை சேர்த்த வெற்றிலை ஆகிய பழக்கமுள்ளவருக்கு, சில வாரங்களிலேயே தடை விரைந்து கூடி எடையும் சரிந்தால் புற்றுநோயா என்று பார்த்தே ஆகவேண்டும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, 65 பாகை செல்சியசுக்கு மேல் கொதிக்கக் கொதிக்கப் பானம் அருந்துவதையும் 2016-இல் ஐயத்திற்குரிய காரணங்களுள் சேர்த்தது. சுருக்கம் எதுவாயினும், எண்டோஸ்கோபியின்போது சிறு சதைத்துணுக்கு எடுத்துச் சோதிப்பது இதற்காகத்தான். "சதை எடுத்தால் நோய் பரவும்" என்பது தவறான நம்பிக்கை; அதனால் மறுத்தவர்கள் இழந்தது காலத்தையே. இளமையில் அமிலமோ காரமோ விழுங்கிப் பிழைத்தவர்களுக்குப் பல பத்தாண்டுகள் கழித்தும் இந்நோய் வரக்கூடும். ஆதலால் பழைய மருத்துவக் குறிப்பேட்டைத் தொலைத்துவிடாதீர்கள்.

சோதனையும் சிகிச்சையும்

பேரியம் என்னும் வெண்ணிற மருந்தைக் குடிக்கச் செய்து எடுக்கும் எக்ஸ்-ரே, சுருக்கம் எங்கே, எவ்வளவு நீளம் என்று காட்டும். எண்டோஸ்கோபி நேரில் காட்டும். அதன் வழியே சிகிச்சையும் செய்யலாம். மெல்லிய கம்பியொன்றைச் சுருக்கத்தின் வழியே செலுத்தி, அதன்மேல் படிப்படியாகப் பருமன் கூடிய குழாய்களையோ, காற்றடைத்து விரியும் பலூனையோ செலுத்தி விரிக்கிறார்கள். ஒரே அமர்வில் முழுதும் விரித்துவிட முடியாதா என்று குடும்பத்தார் கேட்பது இயல்பே. தடை தென்பட்ட பிறகு ஓர் அமர்வில் ஏறக்குறைய மூன்று மி.மீ.க்கு மேல் கூட்டுவதில்லை என்பதே பொதுவான வழக்கம். மிஞ்சினால் சுவர் கிழியும். ஓரிரு வாரங்களுக்கு ஒருமுறை எனப் பல அமர்வுகளில் 15 மி.மீ. அளவை எட்டினால் பெரும்பாலும் வழக்கமான உணவு இறங்கும். அமிலச் சுருக்கங்கள் பிடிவாதமானவை. திரும்பத் திரும்பச் சுருங்கும். அவற்றுக்குத் தழும்பில் ஊசிமருந்து செலுத்துதல், இறுதியாக இரைப்பையையோ பெருங்குடலின் ஒரு பகுதியையோ மேலே கொண்டுவந்து புதுவழி அமைக்கும் அறுவை ஆகியவை உண்டு. அதுவரை உடல் மெலியாதிருக்கச் சிறுகுடலில் குழாய் வைத்து ஊட்டம் தரப்படலாம். வயிற்றில் குழாய் வைத்தால் "எல்லாம் முடிந்தது" என்று பொருளன்று. அடுத்த சிகிச்சையைத் தாங்க உடலைத் தேற்றுவதே அதன் நோக்கம்.

விரிப்புச் சிகிச்சைக்கு வரும் நாளில் வெறும் வயிற்றோடு வர வேண்டும். உணவு எத்தனை மணி நேரத்திற்கு முன் நிறுத்தப்பட வேண்டும் என்பதை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். உணவு தேங்கி நிற்பவர்களுக்கு முந்தைய நாளே நீர்ம உணவு மட்டும் என்று சொல்லக்கூடும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்கள் அதனைத் தாமாக நிறுத்தாமல் எங்களிடம் தெரிவிக்க வேண்டும். பழைய அறிக்கைகளையும் காப்பீட்டு அட்டையையும் கொண்டு வாருங்கள். சென்ற முறைக்குப் பிறகு எந்த நாள் முதல் எந்த உணவு நின்றது என்று ஒரு நோட்டில் எழுதி வந்தால், அடுத்த அமர்வை எப்போது வைப்பது என்று முடிவு செய்ய அது மிகவும் பயன்படும். சிகிச்சை முடிந்து வீடு திரும்பிய பின், மார்பிலோ முதுகிலோ கடும் வலி, காய்ச்சல், மூச்சுத் திணறல், கழுத்து வீக்கம், இரத்த வாந்தி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று தோன்றினால் எதையும் உண்ணவோ பருகவோ கொடுக்காமல், விடியும்வரை காத்திராமல், அந்த இரவிலேயே அவரை அழைத்து வாருங்கள்.